பூநாரைத் துறை கண்டோம்

அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவே, தெற்கு நோக்கி நீட்டிய கைபோலக் கிடக்கிறது அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலம். அதன் தென்முனையில், தரை எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று துணிந்து கூற இயலாத ஓரிடத்தில், பிளமிங்கோ என்னும் சிறு துறை ஒன்று உள்ளது. பிளமிங்கோ என்பது நம் கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் வந்து செல்லும் பூநாரையின் ஆங்கிலப் பெயர். இன்று அதனை ஊர் என்று சொல்வதற்கில்லை. ஒரு படகுத்துறை, ஒரு பார்வையாளர் நிலையம், ஒரு தங்கும் விடுதி, ஓர் உணவகம், கூடாரம் அடித்துத் தங்குவதற்குப் புல்வெளி, அவ்வளவே. இந்த அவ்வளவும் புயல்களால் சிதைந்து, பதினெட்டு ஆண்டுகள் முழுமை பெறாது கிடந்து, மீண்டும் எழுந்த கதை கேட்கத்தக்கது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவ்விடத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

பிளமிங்கோ அமைந்திருப்பது எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவினுள். பூங்கா என்றதும் பூச்செடிகளும் ஊஞ்சலும் நினைவுக்கு வந்தால் அதனை மறந்துவிட வேண்டும். ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர் பரப்புள்ள சதுப்பு நிலக்காடு அது. மாநிலத்தின் நடுவேயுள்ள ஒக்கிசோபி ஏரியிலிருந்து வழியும் நீர், ஒரு மைல் தொலைவுக்கு இரண்டு அங்குலமே சரிவுள்ள நிலத்தில், அகன்று பரந்து, நகர்வதே தெரியாமல் தெற்கே கடலை நோக்கிச் செல்கிறது. அந்நீர்ப் பரப்பெங்கும் அடர்ந்து நிற்பது நம் கோரை இனத்தைச் சேர்ந்த ஒருவகை நீர்த்தாவரம். அதன் இலை ஓரங்கள் ரம்பத்தின் பற்களைப்போல் கூர்மையானவை. கையை வைத்தால் கீறிவிடும். மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்னும் பெண் எழுத்தாளர் 1947-இல் இந்நிலத்தைப்பற்றி ஒரு நூல் எழுதி, இதனைப் ‘புல்லாறு’ என்று அழைத்தார். அதுவரை பயனற்ற சேற்று நிலம், வடிகால் வெட்டி உலர்த்தி விற்க வேண்டிய மனை என்றே பலரும் எண்ணியிருந்த இடத்தை, ஓர் ஆறு என்று மக்கள் காணத் தொடங்கியது அதன் பின்னரே. அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பூங்காவைத் திறந்து வைத்தார். 1979-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் இங்கு வருகின்றனர்.

மயாமி நகரில் மறைப்பணி புரியும் நம் குருத்துவக் கல்லூரித் தோழர் ஒருவர் காரோட்டி வர, காலை ஆறு மணிக்கே புறப்பட்டோம். ஹோம்ஸ்டெட் என்னும் சிற்றூரைக் கடந்ததும் காய்கறித் தோட்டங்கள் முடிந்து, பூங்காவின் தலைவாயில் வந்தது. அங்கே எர்னஸ்ட் கோ என்பவரின் பெயர் தாங்கிய பார்வையாளர் நிலையம் நிற்கிறது. தோட்டக்கலை வல்லுநரான இவர், இப்பூங்கா அமைய வேண்டுமெனப் பல்லாண்டுகள் ஓயாது வாதாடியவர். அவர் பெயரிலுள்ள கட்டடம் நல்ல உறுதியானது. ஆனால் அதுவே பழைய கட்டடமன்று. 1992 ஆகஸ்ட் 24-ஆம் நாள் விடியற்காலையில் ஆண்ட்ரூ என்னும் சூறாவளி ஹோம்ஸ்டெட்டை நேராகத் தாக்கிற்று. காற்றின் வேகத்தை ஐந்து படிகளாக வகுக்கும் அந்நாட்டு அளவையில் ஐந்தாம் படியைச் சேர்ந்த அச்சூறாவளி, ஊரின் வீடுகளைத் தரைமட்டமாக்கியதோடு, பூங்காவின் முதன்மை நிலையத்தையும் அழித்தது. இப்போதுள்ளது 1996 டிசம்பரில் திறக்கப்பெற்றது. ஆண்ட்ரூ செய்த கேடும், வேளாண் நிலங்களிலிருந்து வரும் உரநீரும், குறைந்துபோன நீரோட்டமும் சேர்ந்து, 1993-இல் எவர்கிளேட்ஸ் ‘ஆபத்திலுள்ள மரபுச் செல்வம்’ என்னும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2007-இல் நீக்கப்பட்டு, 2010-இல் மீண்டும் அப்பட்டியலுக்கே வந்தது.

வாயிலிலிருந்து பிளமிங்கோ 38 மைல். இடையில் கடையில்லை, வீடில்லை, எரிபொருள் நிலையமில்லை. இருபுறமும் கோரை, அங்கங்கே மேடாகத் தெரியும் மரக்கூட்டங்கள். வழியில் ஓரிடத்தில் ‘கணவாய், உயரம் 3 அடி’ என்று பலகை நட்டிருக்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பழகிய நமக்குச் சிரிப்பு வந்தது. தோழர் சிரிக்கவில்லை. “இங்கே மூன்றடி என்பது மலைதான், சாமி. மூன்றடி மேடென்றால் ஒரு மரம், மூன்றடி பள்ளமென்றால் வேறொரு மரம். கடல் மூன்றடி உயர்ந்தால் இந்தச் சாலையே இராது” என்றார். அதன்பின் நாமும் அப்பலகையை வேறு கண்ணோடு பார்த்தோம்.

பிளமிங்கோவின் பழங்கதை இனியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீன் பிடித்தும், கரி சுட்டும், கரும்பு பயிரிட்டும் வாழ்ந்த சில குடும்பங்கள் இக்கரையில் இருந்தன. 1893-இல் அஞ்சல் நிலையம் அமைக்க ஊருக்குப் பெயர் தேவைப்பட்டது; வளைகுடாவில் கூட்டமாக வந்திறங்கிய பூநாரைகளின் பெயரையே வைத்தார்கள். ஆனால் அக்காலத்தில் இங்கே பெரும்பணம் தந்த தொழில் வேறு. பெருநகரச் சீமாட்டிகளின் தொப்பிகளில் பறவை இறகு செருகுவது அந்நாளைய நாகரிகம். பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர் 1886-இல் நியூயார்க் வீதிகளில் நடந்தவாறே 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றுள் 542 தொப்பிகளில் இறகுகள் இருந்தன. வெண்கொக்குகளுக்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் மட்டுமே முதுகில் மெல்லிய தூவிகள் முளைக்கும். ஆகவே வேடர்கள் கூடுகட்டும் காலத்திலேயே சுட்டார்கள். தாயும் தந்தையும் வீழ, கூட்டிலிருந்த குஞ்சுகள் வாய்பிளந்தபடி பசியால் மாண்டன. தூவி எடைக்கு எடை பொன்னைவிட விலை பெற்றது. பூநாரைகளும் இறைச்சிக்கும் இறகுக்குமாக வேட்டையாடப்பட்டு, 1900-ஆம் ஆண்டளவில் அவற்றின் பெயர் பூண்ட ஊரிலேயே இல்லாதொழிந்தன.

1901-இல் புளோரிடா மாநிலம் பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. சட்டத்தைக் காப்பதற்கு 1902-இல் அமர்த்தப்பட்டவர் கை பிராட்லி. இளமையில் இறகு வேடரோடு திரிந்தவர். காட்டின் ஒவ்வொரு நீர்வழியும் அறிந்தவர். மாதச் சம்பளம் 35 டாலர். 1905 ஜூலை 8-ஆம் நாள், பிளமிங்கோவுக்கு எதிரேயுள்ள சிறு தீவொன்றில் துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்டுத் தம் சிறு படகில் தனியே சென்றார். முன்பே அறிந்த அயலார் ஒருவரும் அவருடைய மக்களும் பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தனர். கைது செய்ய முயன்ற பிராட்லி சுடப்பட்டு இறந்தார். வயது 35. மனைவியையும் இரு சிறுவர்களையும் விட்டுச் சென்றார். சுட்டவர்மீது குற்றம் சாட்டவே நடுவர் குழு மறுத்துவிட்டது. ஆனால் செய்தி நாடெங்கும் பரவிற்று. 1910-இல் நியூயார்க் மாநிலம் இறகு வணிகத்தைத் தடை செய்தது. சேபிள் முனையில் சிப்பி மேட்டின்மீது புதைக்கப்பட்ட அவருடைய கல்லறையை 1960-ஆம் ஆண்டுப் புயல் கடலுக்குள் அடித்துச் சென்றது.

அந்தப் புயலின் பெயர் டோனா. இங்கேதான் நம் கட்டுரைப்பொருள் தொடங்குகிறது. 1956 முதல் 1966 வரை பத்தாண்டுகள், தேசியப் பூங்காக்கள் அனைத்திலும் பொதுமக்களுக்கு வசதி செய்து தரவென அமெரிக்க அரசு பெருந்திட்டமொன்றை நிறைவேற்றியது. போருக்குப்பின் ஒவ்வொரு குடும்பமும் கார் வாங்கி ஊர்சுற்றப் புறப்பட்ட காலம் அது. அத்திட்டத்தின் பயனாகப் பிளமிங்கோவில் 1950-களின் இறுதியில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பார்வையாளர் நிலையம் எழுந்தது. உணவகமும், படகுத்துறையும், நூறு அறைகள் அளவுள்ள விடுதியும், தனிக்குடில்களும் அமைந்தன. கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், 1960 செப்டம்பர் 10-ஆம் நாள் டோனா வந்து, ஏறத்தாழப் பன்னிரண்டு அடி உயரத்துக்குக் கடலைக் கொண்டுவந்து கரைமீது கொட்டிற்று. பழுது பார்த்தார்கள், மீண்டும் திறந்தார்கள். அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் பெற்றோரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக அவ்விடுதிக்கு வந்து தங்கினர்.

2005-இல் ஒரே பருவத்தில் இரு புயல்கள் வந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனாவை உலகம் அறியும். அது அங்கே செல்லுமுன் ஆகஸ்ட் 25-ஆம் நாள் இரவு தென்புளோரிடாவைக் கடந்து எவர்கிளேட்ஸ் வழியாகவே போயிற்று என்பதைப் பலர் அறியார். கூரைகளைப் பெயர்த்தது, ஆயினும் திருத்திக்கொள்ளலாம் என்றே நம்பினார்கள். இரண்டு திங்கள் கழித்து, அக்டோபர் 24-இல் வில்மா வந்தது. மேற்குக் கரையிலிருந்து புகுந்த அப்புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வந்து விடுதி அறைகளுக்குள் சேற்றை நிரப்பிவிட்டது. திருத்துவதற்கில்லை என்று முடிவாகி, 2009-இல் விடுதியை முழுவதும் இடித்து அகற்றினார்கள். பார்வையாளர் நிலையம் ஒட்டுப்போட்டு நடந்தது. அதனையும் 2017-இல் இர்மா என்னும் சூறாவளி பெரிதும் பாழாக்கிற்று. இர்மா வந்த நாள் எது? செப்டம்பர் 10. டோனா வந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்று, அதே தேதியில்! தற்செயல்தான், ஆயினும் செப்டம்பர்த் திங்கள் நடுவில்தான் அக்கடலில் சூறாவளிகள் மிகுதி என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

காற்று கூரையைத்தான் கொண்டுபோகும்; கட்டடத்தைக் கொல்வது நீர். பிளமிங்கோவின் எதிரே பரந்து கிடக்கும் புளோரிடா வளைகுடாவின் பெரும்பகுதி இடுப்பளவு ஆழமே உடையது. ஆழ்கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்கிப் பக்கவாட்டில் பரவிவிட இடமுண்டு. ஆழமற்ற கடலில் அந்நீருக்குப் போக்கிடமில்லை; ஆகவே மேலெழுந்து கரைமேல் ஏறுகிறது. இர்மாவின்போது மேற்குக் கரையிலுள்ள நேப்பிள்ஸ் நகரில் காற்று முதலில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசியதால் கடல் பின்வாங்கித் தரை தெரிந்ததாம். புயலின் கண் கடந்து காற்று திசைமாறியதும் போன நீரெல்லாம் விரைந்து திரும்பிற்று. தரை தெரிகிறதென்று வேடிக்கை பார்க்க இறங்குவோர் உண்டு. அதிகாரிகள் அவர்களை எச்சரித்துத் திருப்ப வேண்டியிருந்தது.

கரையைக் காத்து நிற்பது அலையாத்திக் காடு. தமிழில் என்ன பொருத்தமான பெயர்! அலையை ஆற்றுவதால் அலையாத்தி. சிவப்பு அலையாத்தி தன் வேர்களை முட்டுக்கால்போல் நீரில் ஊன்றி நிற்க, கரைக்கு உள்ளே கருநிற, வெண்ணிற இனங்கள் நிற்கின்றன. அவை புயலின் வேகத்தைத் தணிக்கின்றன. அதற்கு விலையும் கொடுக்கின்றன. சாலையின் இறுதிப் பகுதியில், இலையின்றி வெளுத்துப்போய் எலும்புபோல் நிற்கும் மரங்களை நாம் கண்டோம். இது அழிவின் ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. வில்மா கடலடியிலிருந்து வாரி வந்த சுண்ணாம்புச் சேறு காட்டினுள் சில இடங்களில் ஓர் அங்குலத்துக்கு மேலும் படிந்திருந்தது. ஆராய்ச்சியாளர் அதனை அளந்து பார்த்தபோது, பாஸ்பரஸ் சத்து மிக்க நல்லெரு அது என்று தெரிந்தது. எவர்கிளேட்ஸ் மண்ணில் அச்சத்து மிகக் குறைவு. மரத்தை முறித்த புயலே மீதமிருந்த மரத்துக்கு உரமும் இட்டு, தரையையும் சற்று உயர்த்திச் சென்றிருக்கிறது. விடுதி அறையில் கேடு எனப்பட்ட அதே சேறு, நூறு கஜம் தள்ளிக் காட்டினுள் ஊட்டமாகிறது. எனவே புயலால் அழிந்தது பூங்காவன்று, பூங்காவினுள் மனிதர் வைத்தவையே என்று சொன்னால் பெரும்பாலும் பிழையிராது.

மனிதர் செய்த கேடொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். பார்வையாளர் படகில் எளிதாகச் செல்ல வேண்டுமென்று 1957-ஐ ஒட்டி பட்டன்வுட் கால்வாய் என்னும் நேர்வாய்க்காலை வெட்டினார்கள். உள்நாட்டு நன்னீர் ஏரிகளுக்குள் அதன் வழியே உப்புநீர் ஏறிற்று. விளைவை உணர்ந்து 1982-இல் கடல்வாயில் ஓர் அடைப்புக் கட்டினார்கள். அதனால்தான் இன்றைய படகுத்துறை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருபுறம் உப்பங்கழி, மறுபுறம் வாய்க்கால். அடைப்பின்மேல் நின்று பார்த்தால் இருபுறமும் நீரின் நிறமே வேறு. அன்று காலை கடற்புறத்தில் மானட்டி என்னும் கடற்பசு இனம் இரண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சுவிட்டன. வாய்க்கால் கரையில் சாம்பல்நிற முதலையொன்று வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தது. கூர்மூக்குடைய அம்முதலையும், அகன்ற மூக்குடைய ஆலிகேட்டரும் ஒருசேர வாழும் இடம் உலகில் தென்புளோரிடா ஒன்றே என்பர்.

இவ்வளவு நேர்ந்தபின் அங்கே மீண்டும் கட்டத்தான் வேண்டுமா என்னும் கேள்வி எழாமலா இருக்கும்? அந்நாட்டில் பலர் எழுப்பினர். புயல் வருவது உறுதி. கடல்மட்டம் உயர்வதும் உறுதி. மக்கள் வரிப்பணத்தைக் கடலில் கொட்டுவானேன்? பகலில் வந்து பார்த்துவிட்டு மாலையில் திரும்பட்டும் என்றனர் ஒரு சாரார். தங்கும் வசதியில்லையேல் நாளடைவில் வருவாரும் இல்லை. வருவார் இல்லையேல் இக்காட்டுக்காகப் பேசுவாரும் இல்லை என்றனர் மறுசாரார். அவர்கள் முறையின்படி நிலமும் நிலையமும் அரசினுடையவை. விடுதியையும் உணவகத்தையும் நடத்துவது ஒப்பந்தம் பெற்ற தனியார். இவ்வளவு தொலைவில், இவ்வளவு தாழ்ந்த கரையில், அடுத்த புயலுக்கு எதிரே முதல் போட எவர் துணிவார்? புதிய திட்டம் 2008-இலேயே தீட்டப்பட்டும், ஆண்டுகள் பல வீணே கழிந்தன. அந்நாட்களில் அங்கு வந்த முதியோர் பலர் விடுதி இருந்த வெற்றிடத்தில் நின்று, இங்கேதான் எங்கள் அறை என்று சுட்டிக்காட்டிப் போவார்கள் என்று பூங்காக் காவலர் ஒருவர் நம்மிடம் கூறினார்.

இருசாரார் பேச்சிலும் உண்மை உண்டு. ஆயினும் நம் நெஞ்சு இரண்டாம் சாரார் பக்கமே சாய்கிறது. பிராட்லி இறந்தது ஏன்? அவர் காத்த பறவைகளைத் தொப்பியில் சூடியவர் எவரும் அவற்றைக் கூட்டில் கண்டதில்லை. கண்டிருந்தால் அந்தத் தொப்பியை அணிந்திருப்பார்களா? ஒரு பிள்ளை விடியற்காலையில் எழுந்து, வளைகுடாவின்மேல் பறவைகள் எழும்புவதை ஒருமுறை பார்த்துவிட்டால், அது முப்பது ஆண்டு கழித்து வாக்களிக்கும்போதும் நினைவில் நிற்கும். அந்த விடியற்காலையை 38 மைலுக்கு அப்பாலிருந்து பகல்பொழுதில் வருபவர் காண்பதரிது.

ஆனால் எப்படிக் கட்டுவது என்பதில் முதற்சாரார் சொன்னதையும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதுவே இக்கதையில் நம்மைக் கவர்ந்தது. 2012-இல் மயாமிப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் புதுவகைக் கூடாரம் ஒன்றை வடிவமைத்துத் தாமே கட்டிக் கொடுத்தனர். மரத்தால் அமைந்த உயர்ந்த தளம், அதன்மேல் சட்டம், சட்டத்தின்மேல் கித்தானும் கொசுவலையும். வேண்டாதபோது கழற்றி எடுத்து வைத்துவிடலாம். புயலை எதிர்த்து நிற்பதன்று, புயலுக்கு முன்னே எழுந்து ஒதுங்கிக்கொள்வது அதன் கருத்து. 2018-இல் புதிய ஒப்பந்தக்காரர் அமைந்தபின் இத்தகைய கூடாரங்கள் கரையோரத்தில் வரிசையாக எழுந்தன.

விடுதியோ 2023-ஆம் ஆண்டின் இறுதியில்தான் திறக்கப்பட்டது. நூறு அறைகள் இருந்த இடத்தில் இப்போது இருபத்து நான்கு மட்டுமே. கட்டுவதற்குச் செங்கல்லும் இல்லை, மரமும் இல்லை. கப்பலில் சரக்கேற்றும் இரும்புப் பெட்டகங்களை, ஆம், நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தக் கன்டெய்னர்களையே அறைகளாக மாற்றி, உயர்ந்த தூண்களின்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கடல்நடுவே புயலில் சிக்கினாலும் தாங்குமாறு செய்யப்பட்டது அப்பெட்டகம். கடல்நீர் வந்தால் தூண்களுக்கிடையே புகுந்து, கீழே நிறுத்திய கார்களோடு போகட்டும். அறைகளை எட்டாது என்பது கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் அழகென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உள்ளே சென்றால் சுவரெல்லாம் பலகையிட்டு, முன்புறம் முழுவதும் கண்ணாடி வைத்து, வளைகுடாவை அப்படியே அறைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒரு குறை சொல்லாதிருக்க இயலவில்லை. அறை வாடகை உழைத்துண்ணும் குடும்பங்கள் எளிதில் கொடுக்கக்கூடியதன்று. நான்கு பிள்ளைகளோடு வரும் தந்தைக்கு அது எட்டாக்கனி. தூணும் இரும்பும் காப்புச் செலவும் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டன. இதனை நாம் அறியாமலில்லை. ஆயினும் புயலுக்கு அஞ்சிக் கட்டிய கட்டடம் ஏழைக்கும் உயரமாகிவிடுதல் தகுமா? நல்லவேளையாகச் சொந்தக் கூடாரம் கொண்டுவந்து தங்கும் புல்வெளி குறைந்த கட்டணத்தில் இன்றும் திறந்தே இருக்கிறது. அன்று மாலை அங்கே ஸ்பானிய மொழி பேசும் ஒரு பெருங்குடும்பம், பாட்டி முதல் கைக்குழந்தை வரை, அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. நம்மையும் உண்ண அழைத்தார்கள்; அவரையும் பன்றிக்கறியும் கலந்த அச்சோற்றின் மணம் இப்போதும் நினைவிலிருக்கிறது.

பழைய பார்வையாளர் நிலையத்தை இடிக்காமல் திருத்தியது அறிவுடைய செயல். ஐம்பதுகளிலேயே அதன் முதன்மைப் பகுதியை மாடியில் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆகவே எலும்புக்கூடு நிலைத்திருந்தது. அதனைப் புதுப்பித்து, மங்கிப்போன சுவர்களுக்கு மீண்டும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசி, கை பிராட்லியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கல்லறை கடலில் கரைந்துபோன மனிதருக்கு அவர் காவல் காத்த கரையிலேயே ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது. மாடியின் திறந்த நடையில் நின்றால் வளைகுடாவும், அதில் புள்ளிபுள்ளியாகத் தீவுகளும் தெரிகின்றன. அவற்றுள் ஒன்றினருகேதான் அவர் சுடப்பட்டார்.

பூங்காவின் மேற்கு வாயிலான எவர்கிளேட்ஸ் நகரின் கதை இவ்வளவு நிறைவாக முடியவில்லை. அங்கிருந்த பார்வையாளர் நிலையத்தை இர்மா பயன்பாட்டுக்கு உதவாதபடி ஆக்கிற்று. தற்காலிகமான இடத்தில் பல ஆண்டுகள் மக்களை வரவேற்றார்கள். டக்ளஸ் அம்மையாரின் பெயரில் உயர்ந்த தூண்கள்மேல் புதிய நிலையம் அமைப்பதற்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே, 2022 செப்டம்பரில் இயான் என்னும் புயல் வந்து அவ்வூருக்குள் மீண்டும் கடலைப் புகுத்திற்று.

கொசுக்களைப்பற்றிச் சொல்லாமல் பிளமிங்கோவைப்பற்றிச் சொல்லி முடிக்க இயலாது. பிப்ரவரி வறண்ட பருவமாதலால் நாம் தப்பினோம். கோடையில் வந்தால் பேசுவதற்கு வாய் திறக்கவும் முடியாதாம். இன்று கொசு எவ்வளவு என்று முள்ளைத் திருப்பி வைத்துக் காட்டும் வேடிக்கைப் பலகையொன்று அங்கு நெடுங்காலமாகப் புகழ் பெற்றது. அதன் மேற்படியில் எழுதியிருக்கும் சொற்களுக்கு அச்சம் விளைவிப்பதே நோக்கம்.

பூநாரைகள்? ஒரு நூற்றாண்டாக இவ்வூரில் பெயரளவிலேயே இருந்த பறவைகள் அவை. எப்போதேனும் ஒன்றிரண்டு தென்பட்டாலும், காட்சிச் சாலையிலிருந்து தப்பியவை என்றே பலர் சொன்னார்கள். 2023 ஆகஸ்டு இறுதியில் இடாலியா என்னும் சூறாவளி மெக்சிகோவின் யுகட்டான் கரையருகே கிளம்பி வடக்கே வந்தது. அங்கிருந்த பூநாரைகள் அக்காற்றில் அகப்பட்டுப் புளோரிடாவெங்கும் வந்து விழுந்தன. ஒஹையோ, விஸ்கான்சின் போன்ற வடமாநில ஏரிகளில்கூடக் காணப்பட்டன. பெரும்பாலானவை திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். நாம் சென்ற அதே பிப்ரவரித் திங்களில் பறவை ஆர்வலர்கள் மாநிலம் முழுவதும் கணக்கெடுத்தனர்: 101 பூநாரைகள் தங்கியிருந்தன. அவற்றுள் பெருங்கூட்டம் புளோரிடா வளைகுடாவிலேயே இருந்தது.

புதுப்பித்த மாடி நடையில் அன்று ஏழெட்டுப் பேர் தொலைநோக்கியும் கையுமாக நின்றனர். திடீரென்று ஒரு சிறுவன், “அதோ! அதோ!” என்று கூவினான். தொலைவில் இளஞ்சிவப்புப் பறவைகள் ஐந்தாறு, நீரை ஒட்டிப் பறந்தன. எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு பார்த்தோம். பூங்காக் காவலரான அம்மையார் பார்த்துவிட்டுப் புன்னகையோடு தலையசைத்தார். அவை கரண்டிவாயன்கள், நிறம் ஒன்றே, மூக்கு வேறு. பூநாரைகள் இன்னும் மேற்கே, படகில் போனால் தெரியலாம் என்றார். சிறுவன் தந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, படகுச் சீட்டு விற்கும் இடத்தை நோக்கிப் படியிறங்கினான்.